விலா எலும்பில் தாடைக்கு ஒரு மூட்டு: குழந்தைகளின் 'வாய்ப்பூட்டை'த் திறக்க வழிகாட்டிய ஹெரால்ட் கில்லீஸ் யார்?

ஓடி விளையாடுகிற குழந்தை கீழே விழுந்து முகவாயில் அடிபட்டால் நாம் என்ன செய்வோம்? ரத்தத்தைத் துடைப்போம். வேணும்னா ரெண்டு தையல் போட்டுக்கொண்டு வருவோம். ஒரு வாரத்தில் காயம் ஆறிவிடும். வீட்டில் எல்லோரும் அதை மறந்தும் போவார்கள்.

சில குழந்தைகளுக்குக் கதை அங்கே முடிவதில்லை. சில மாதங்கள் கழித்து, வாய் முழுசா திறக்கவில்லை என்று தெரியவரும். முதலில் இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டுத் தர வேண்டியிருக்கும். அப்புறம் கரைத்துத் தர வேண்டியிருக்கும். கடைசியில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு, மண்டையோட்டுடன் எலும்பாகவே ஒட்டிக்கொள்ளும் நிலை இது. மருத்துவர்கள் இதை 'டிஎம்ஜே அன்கைலோசிஸ்' என்கிறார்கள்.

ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் குழந்தையின் விலா எலும்பிலிருந்தே ஒரு துண்டை எடுத்துப் புது மூட்டாக வைப்பது, இதற்காக உலகம் முழுக்கச் செய்யப்படும் சிகிச்சைகளில் ஒன்று. விலா எலும்பைத் தாடை மூட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1920-ல் எழுதியவர் ஹெரால்ட் கில்லீஸ். நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை என்று அறியப்படும் இவர் நியூசிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, 1960-ல் இறந்தவர்.

ஆனால் அவருடைய கதையை நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து, கர்நாடகாவின் ஹனூர் பகுதியிலிருந்தே தொடங்கலாம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஹனூருக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் என்ன சம்பந்தம்?

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்கு ஹனூரைத் தெரிந்திருக்கும். தமிழும் கன்னடமும் கலந்து புழங்குகிற எல்லைப் பகுதி. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை ஹனூர் உள்ளிட்ட கொள்ளேகால் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்துக்குப் போனது. 1997-ல் அது பிரிக்கப்பட்டபோது சாமராஜநகர் மாவட்டத்துக்குள் வந்தது.

இன்னும் பின்னால் போனால், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பகுதியெல்லாம் திப்பு சுல்தானின் மைசூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம், ஹனூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான்.

திப்புவுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாவது மைசூர்ப் போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்ற மராட்டியர் பிடிபட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. அந்த நிலையிலேயே ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே இருந்த பம்பாய்ப் படையில் போய்ச் சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் வாழ்ந்தார்.

பிறகு புனே பக்கத்தில், செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். நெற்றித் தோலை ஒரு இலை வடிவத்தில் வெட்டி, புருவங்களுக்கு நடுவே மட்டும் அது உடலோடு ஒட்டியிருக்கும்படி விட்டு, கீழே திருப்பி மூக்காக அமைத்தார். அந்த ஒட்டு வழியாக ரத்தம் ஓடியதால் தோல் உயிரோடு இருந்தது. இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் இதை நேரில் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் இதைப் படத்தோடு வெளியிட்டது.

அதைப் படித்து ஆர்வமான ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் 1814-ல் லண்டனில் இதே முறையில் ஒருவருக்கு மூக்கு அமைத்தார். 'இந்திய முறை' என்ற பெயரில் அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. நூறு வருஷம் கழித்து அது கில்லீஸ் கைக்கு வந்து சேர்ந்தது.

தாடை எப்படிப் பூட்டிக்கொள்கிறது?

கில்லீஸிடம் போவதற்கு முன், பிரச்சனையைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு நகர்வது தெரியும். கீழ்த்தாடையின் மேல் நுனியில் இருக்கும் உருண்டையான பகுதி அது. மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மெத்தை மாதிரி ஒரு குருத்துத் தட்டு.

முகவாயில் விழும் அடி, தாடை எலும்பு வழியாக நேராக இந்த உருண்டைக்குப் போய்ச் சேரும். குழந்தைகளுக்கு அந்த இடத்தில் எலும்பு மெல்லியது, ரத்த ஓட்டம் அதிகம். உருண்டை நொறுங்கினால் மூட்டுக்குள் ரத்தம் தேங்கும். வலி பயந்து குழந்தை வாயை அசைக்காமலே இருந்தால், அந்த ரத்தக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறிவிடும். வெளியே பார்த்தால் முகவாயில் ஒரு சின்னத் தழும்பு மட்டும்தான். கவனிக்காமல் விட்ட காதுச் சீழ் பரவியும், சில வகை மூட்டு வாதத்தாலும்கூட இது வரலாம்.

வாய் திறக்காதது பாதிப் பிரச்சனைதான். கீழ்த்தாடை வளர்வதில் இந்த மூட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சின்ன வயதிலேயே அது ஒட்டிப்போனால், முகத்தின் மற்ற பகுதிகள் வளரும்போது தாடை மட்டும் பின்தங்கிவிடும். ஒரு பக்கம் பாதிப்பு என்றால் முகவாய் அந்தப் பக்கமாகக் கோணும். இரண்டு பக்கமும் என்றால் முகவாய் உள்ளே போய், முகம் பறவை மாதிரி ஆகிவிடும். நாக்குக்குப் போதுமான இடம் இல்லாததால் தூக்கத்தில் மூச்சு அடைக்கும். பல் தேய்க்க முடியாது, சொத்தைப் பல்லைப் பிடுங்கக்கூட வழி இருக்காது. பேச்சு தெளிவாக வராது. பள்ளிக்கூடத்தில் கேலியும் சேர்ந்துகொள்ளும்.

ஆக, மருத்துவர் பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் அசைகிற ஒன்றை வைக்க வேண்டும். முடிந்தால், அது குழந்தையோடு சேர்ந்து வளரவும் வேண்டும்.

கைப்பிடியில் சறுக்கி விழுந்த பையன்

ஹெரால்ட் டெல்ஃப் கில்லீஸ் 1882 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பா ராபர்ட் கில்லீஸ் நில வியாபாரத்தில் இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வானியல் மேல் அவருக்குப் பைத்தியம், வீட்டுக் கூரையிலேயே தொலைநோக்கி வைக்க ஒரு குவிமாடம் கட்டியிருந்தார். ஹெரால்டுக்குச் சுமார் நாலு வயது இருக்கும்போது அப்பா இறந்துபோனார்.

சின்ன வயதில் ஹெரால்ட் வீட்டு மாடிப்படியின் கைப்பிடியில் சறுக்கி விளையாடும்போது விழுந்து முழங்கையில் அடிபட்டுக்கொண்டார். அந்த மூட்டு அதன் பிறகு சரியாக மடங்கவே இல்லை. கடைசி வரை விறைப்பாகவே இருந்தது. ஒரு விழுதல், இறுகிப்போன ஒரு மூட்டு. பிற்காலத்தில் எந்தக் குழந்தைகளுக்கு அவருடைய யோசனை பயன்பட்டதோ, அவர்களுக்கும் அவருக்கும் இந்த ஒரு விஷயம் பொதுவானது. வித்தியாசம் என்னவென்றால், விறைத்த முழங்கையோடு ஒருவர் சாப்பிடலாம், பேசலாம், மூச்சுவிடலாம்.

அந்தக் கையோடுதான் பள்ளியில் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் ஆனார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படிக்கும்போது பல்கலைக்கழகத்துக்காக கோல்ஃப் ஆடினார். 1904-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு எதிரான புகழ்பெற்ற படகுப் போட்டியில் துடுப்புப் போட்டார். வயலின் வாசித்தார், ஓவியம் வரைந்தார், குறும்பு செய்வதில் பேர்போனவராக இருந்தார். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பயிற்சி முடித்து, 1910-ல் அறுவை மருத்துவத்தில் உயர் தகுதி பெற்றார். காது, மூக்கு, தொண்டை நிபுணராக வசதியான வாழ்க்கை காத்திருந்தது.

முதல் உலகப் போர் அந்தத் திட்டத்தை மாற்றியது.

பிரான்ஸில் அவர் பார்த்தது என்ன?

1915-ல் போர்முனை மருத்துவத்துக்காக பிரான்ஸ் போனார். அது பதுங்குகுழிப் போர். குழிக்குள் உடம்பு பாதுகாப்பாக இருக்கும், தலை மட்டும் வெளியே தெரியும். அதனால் முகத்தில் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மூக்கு போனவர்கள், தாடை சிதறியவர்கள், உதடே இல்லாதவர்கள். உயிர் பிழைத்துவிடுவார்கள். ஆனால் அதற்கப்புறம் எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் பேசுவது, எப்படி வீட்டுக்குப் போவது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அங்கே சார்லஸ் வலாடியே என்ற பல் மருத்துவரை கில்லீஸ் சந்தித்தார். தன்னுடைய ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள் பல் மருத்துவ நாற்காலியைப் பொருத்தி வைத்திருந்த விசித்திரமான மனிதர். உடைந்த தாடைகளைச் சீராக்க அவர் எடுத்த முயற்சிகள் கில்லீஸை ஈர்த்தன. பாரிஸில் ஹிப்போலிட் மோரெஸ்டன் என்ற அறுவை மருத்துவர், முகத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றி, பக்கத்துத் தோலைத் திருப்பி அந்த இடத்தை மூடியதையும் பார்த்தார். இதுதான் தன் வேலை என்று அவர் முடிவு செய்தது அங்கேதான்.

இங்கிலாந்து திரும்பி, ராணுவ அதிகாரிகளை வற்புறுத்தி, 1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் முகக் காயங்களுக்கென ஒரு தனி வார்டு தொடங்கினார். ஆனால் போர்முனையிலிருந்து நோயாளிகள் சரியான இடத்துக்கு வந்து சேர வேண்டுமே? கடையில் போய், 10 பவுண்டு சொந்தக் காசு கொடுத்து, தன் வார்டு முகவரி எழுதிய அட்டைகளை வாங்கி பிரான்ஸுக்கு அனுப்பிவைத்தார். அந்த அட்டையைக் கட்டிக்கொண்டு காயம்பட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

1916 ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கியது. இருநூறு பேர் வரலாம் என்று தயாராக இருந்த இடத்துக்குச் சுமார் இரண்டாயிரம் பேர் வந்தார்கள்.

ஆல்டர்ஷாட் போதாது என்று ஆனது. 1917-ல் லண்டன் அருகே சிட்கப்பில் முகக் காயங்களுக்காகவே குவீன்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே 11,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. வார்டுகளில் கண்ணாடி வைக்கக் கூடாது என்று விதி. ஊருக்குள் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவரின் முகம் எதிர்பாராத விதமாக இருக்கலாம் என்று ஊர்க்காரர்களுக்கு அது ஒரு முன்னறிவிப்பு.

கில்லீஸ் தனியாளாக வேலை செய்யவில்லை. வில்லியம் கெல்சி ஃப்ரை என்ற பல் மருத்துவர் எலும்பையும் பல்லையும் பார்த்துக்கொண்டார், கில்லீஸ் சதையையும் தோலையும். மருத்துவம் படித்த ஓவியர் ஹென்றி டாங்ஸ் ஒவ்வொரு முகத்தையும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வரைந்து வைத்தார். முகத்தைச் சரிசெய்வது ஒரு குழு வேலை என்ற பழக்கம் இங்கே வேரூன்றியது.

ஒரு மரணம் சொல்லிக்கொடுத்த பாடம்

கில்லீஸின் கதையில் வெற்றிகள் மட்டுமே இல்லை. ஹென்றி லம்லி என்ற இளம் விமானி 1916-ல் விபத்தில் முகம் முழுக்க எரிந்து போனவர். 1918 தொடக்கத்தில், அவருடைய மார்பிலிருந்து பெரிய அளவில் தோலை எடுத்து, முழு முகத்தையும் ஒரே தடவையில் மூட கில்லீஸ் முயன்றார். தோல் அழுகியது. ஏற்கெனவே பலவீனமாக இருந்த லம்லி அந்த மார்ச் மாதம் இறந்துபோனார்.

தான் அவசரப்பட்டுவிட்டதாக கில்லீஸ் உணர்ந்தார், அதை மறைக்கவும் இல்லை. அதன் பிறகு, பெரிய வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது, ஒவ்வொரு கட்டமும் ஆறும்வரை காத்திருப்பது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை ஆனது. நாளைக்குத் தள்ளிவைக்கக்கூடிய வெட்டை இன்றைக்கே போடாதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

காத்திருப்பதற்கு ஒரு கருவியும் அவரிடம் இருந்தது. 1917 அக்டோபரில், ஜட்லாண்ட் கடற்போரில் தீக்காயம் பட்ட வில்லி விகரேஜ் என்ற மாலுமிக்குத் தோலை இடம் மாற்றும்போது, அதன் ஓரங்கள் தானாகவே உள்பக்கமாகச் சுருள்வதை கவனித்தார். அப்படியே இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் குழாய் ஆகிவிடுமே! குழாய்க்குள் ரத்தம் ஓடும், வெளியே கிருமி தொற்றாது. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம். ஒடெசாவில் விளாதிமிர் ஃபிலாத்தோவ் என்ற மருத்துவரும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இதையே கண்டுபிடித்திருந்தார்.

விலா எலும்பு தாடைக்கு எப்படிப் போனது?

இங்கேதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கதை திரும்ப வருகிறது.

1917-ல் மூக்கை இழந்து வந்த வில்லியம் ஸ்ப்ரெக்லி என்ற ராணுவ அதிகாரிக்கு கில்லீஸ் செய்த சிகிச்சை இந்திய முறையின் நீட்சி. நெற்றித் தோலைக் கீழே திருப்பினால் மூக்கு வரும். ஆனால் உள்ளே தாங்குவதற்கு ஏதாவது இல்லையென்றால் அது நாளடைவில் சுருங்கிவிடும். அதனால் ஸ்ப்ரெக்லியின் விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்து, முதலில் நெற்றித் தோலுக்கு அடியில் புதைத்தார். அது அங்கே வேர்பிடித்த பிறகு, தோலோடு சேர்த்துக் கீழே இறக்கினார். ஆரம்பத்தில் மூக்கு யானைத் தும்பிக்கை போல வீங்கிக் கிடந்தது. நாளாக ஆக, நல்ல மூக்காக அடங்கியது.

ஒருவருடைய விலா எலும்பை அவருடைய முகத்தில் வைத்தால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும் என்பது இப்படிப் பல நோயாளிகளில் உறுதியானது. அப்படியென்றால் தாடை மூட்டுக்கு?

தாடைப் பூட்டைத் திறக்க 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் முயன்றிருக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் எலும்பை வெட்டி இடைவெளி விடுவார்கள். எலும்பு மறுபடி வளர்ந்து ஒட்டிவிடும். அதைத் தடுக்க, நடுவில் பக்கத்துத் தசையைத் திணித்துப் பார்த்தார்கள். ஆனால் தாடையின் உயரம் குறைந்து போனதற்கு வழி இல்லை.

விலா எலும்பை கவனித்தால் அதன் முன் பகுதி குருத்தெலும்பாக மாறி மார்பெலும்போடு சேர்கிறது. எலும்பும் குருத்தெலும்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டு எடுத்தால், ஒரு பக்கம் கடினமான எலும்பு, நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு. தாடை மூட்டின் உருண்டையும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். எலும்புப் பக்கத்தைத் தாடையோடு பொருத்தி, குருத்து நுனியை மேலே குழியில் உட்கார வைக்கலாம். 1920-ல் கில்லீஸின் 'பிளாஸ்டிக் சர்ஜரி ஆஃப் தி ஃபேஸ்' நூல் வெளிவந்தது. தாடை மூட்டுக்கு விலா எலும்பு வைப்பதன் வரலாற்றை எழுதும் மருத்துவர்கள் அந்த வருஷத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

அன்று அவர் முன் இருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள், போர்வீரர்கள். குழந்தைகளுக்கு இதனால் இன்னொரு நன்மை உண்டு என்பது பிறகுதான் தெளிவானது. விலாவின் அந்தச் சந்திப்பு ஒரு வளர்ச்சி மையம். அதைத் தாடையில் வைத்தால் அங்கேயும் வளரக்கூடும். 1970-களில் இதை குரங்குகளில் சோதித்துப் பார்த்த டேவிட் பாஸ்வில்லோவும் நியூசிலாந்தில் பிறந்தவர்தான்.

வாய் திறக்காதவருக்கு மயக்க மருந்து எப்படி?

இந்த அறுவை சிகிச்சையில் கத்தியைத் தொடுவதற்கு முன்பே ஒரு ஆபத்து இருக்கிறது. மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் விட வேண்டும். அது வழக்கமாக வாய் வழியாகப் போகும். வாயே திறக்காவிட்டால்?

இதற்கான விடையும் சிட்கப்பிலேயே பிறந்தது. முகம் முழுக்கக் காயமிருக்கும் ஒருவருக்கு முகமூடி வைத்து மயக்கம் கொடுத்தால், கில்லீஸ் எங்கே நின்று வேலை செய்வார்? போர் முடிந்த பிறகு அங்கே பணிக்கு வந்த ஐவன் மெகில், ஸ்டான்லி ரோபாதம் என்ற இரண்டு மருத்துவர்கள், ரப்பர் குழாயை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள். மூக்கு வழியாக, நோயாளியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, பார்க்காமலேயே குழாயை உள்ளே இறக்கும் கலையை மெகில் கைவரப் பெற்றார்.

இன்று தாடை ஒட்டிய குழந்தைக்குப் பல இடங்களில் கேமரா பொருத்திய மெல்லிய வளையும் குழாயை மூக்கு வழியாக விட்டு, பார்த்துக்கொண்டே டியூபை இறக்குகிறார்கள். வழி என்னவோ மெகில் காட்டிய அதே மூக்குதான்.

போருக்குப் பிறகு என்ன செய்தார்?

போர் முடிந்ததும், பிளாஸ்டிக் சர்ஜரி இனி எதற்கு என்று கேட்டவர்கள் நிறைய பேர். கில்லீஸ் அதையே தொழிலாக வைத்துக்கொண்டார். விபத்தில் சிக்கியவர்கள், பிறவிக் குறை உள்ளவர்கள், அழகுக்காக வருபவர்கள் என்று எல்லோரையும் பார்த்தார். 1930-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு லண்டன் வந்த உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோவுக்கு வழிகாட்டினார். இரண்டாம் உலகப் போரில் எரிந்துபோன விமானிகளுக்குச் சிகிச்சை அளித்துப் புகழ்பெற்றவர் மெக்கிண்டோ. கில்லீஸ் அந்தப் போரில் பேசிங்ஸ்டோக் அருகே ரூக்ஸ்டவுன் ஹவுஸில் பணியாற்றினார். 1946-ல் பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் முதல் தலைவரானார்.

அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் மும்பையின் டாக்டர் நோஷிர் ஆன்டியாவும் ஒருவர். இந்தியா திரும்பிய ஆன்டியா, புனே பக்கத்தில் தொழுநோயால் முகமும் கையும் சிதைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்தார். பிறகு மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையை உருவாக்கினார். காவஸ்ஜிக்கு மூக்கு வைக்கப்பட்ட அதே புனே வட்டாரத்துக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து, லண்டன் வழியாக அந்தக் கலை திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

1960 ஆகஸ்ட் மாதம். கில்லீஸுக்கு வயது 78. 18 வயதுப் பெண் ஒருவரின் பாதிக்கப்பட்ட காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மூளையில் ரத்தக்கட்டு ஏற்பட்டது. அடுத்த மாதம், செப்டம்பர் 10 அன்று இறந்தார்.

இன்று எப்படிச் செய்கிறார்கள்?

இப்போதைய சிகிச்சையின் படிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். முதலில் சிடி ஸ்கேன். பிறகு காதுக்கு முன்னால் கீறி, ஒட்டிய எலும்பை முழுவதுமாக அகற்றுவார்கள். தாடையை இழுத்துப் பிடிக்கும் இன்னொரு எலும்பு முனையையும் தேவைப்பட்டால் வெட்டிவிடுவார்கள். மேஜையிலேயே வாய் போதுமான அளவு திறக்கிறதா என்று பார்ப்பார்கள். நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி குழிக்குள் மெத்தை போல வைப்பார்கள். அப்புறம்தான் விலா எலும்பு. லெனார்ட் கேபன் குழுவினர் 1990-ல் இந்தப் படிகளை வரிசைப்படுத்தி எழுதினார்கள்.

விலா எலும்பில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. அது எவ்வளவு வளரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்கு வளராமலே போகலாம். சிலருக்கு அளவுக்கு மீறி வளர்ந்து முகம் மறுபக்கம் கோணலாம். அதனால் சில மருத்துவர்கள் விலாவைத் தவிர்த்து, தாடை எலும்பையே வெட்டி, ஒரு கருவியால் தினமும் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டுகிறார்கள். தூக்கத்தில் மூச்சு அடைக்கும் குழந்தைக்கு இதையே முதலில் செய்ய வேண்டியும் வரலாம். எது என்பது குழந்தையின் வயதையும் நிலையையும் பொறுத்தது.

ஆனால் எந்த முறை என்றாலும், மருத்துவமனையை விட்டு வந்த பிறகு நடப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. சில நாட்களிலேயே வாயைத் திறக்கும் பயிற்சி ஆரம்பமாகிவிடும். ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, வாரா வாரம் ஒரு குச்சி கூட்டுவது இங்கே பல மருத்துவர்கள் சொல்லித்தரும் எளிய வழி. வலிக்கும். குழந்தை அழும். அழுகிறதே என்று அம்மா அப்பா விட்டுவிட்டால், எலும்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் இந்தப் பயிற்சி தேவைப்படும்.

கில்லீஸின் பொறுமைப் பாடம் இங்கே ஒரு இடத்தில் மாறுகிறது. முகத்தைச் சீராக்கும் வேலையைக் கட்டம் கட்டமாகத் தள்ளிவைக்கலாம். கோணிய முகவாயைப் பெரியவன் ஆன பிறகுகூடச் சரிசெய்யலாம். மூட்டை அசைப்பதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க முடியாது.

பெற்றோர் எதை கவனிக்க வேண்டும்?

குழந்தை முகவாய் அடிபட விழுந்தால், காயத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். காதுக்கு முன்னால் வலிக்கிறதா, வாய் ஒரு பக்கமாகக் கோணித் திறக்கிறதா, பல் வரிசை முன்பு போல் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். இதில் எது இருந்தாலும் மூட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

காயம் ஆறிய பிறகும் சில மாதங்கள் ஒரு சின்ன சோதனை செய்யலாம். குழந்தையின் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து அதன் வாயில் நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. முன்பு நுழைந்த விரல்கள் இப்போது நுழையவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும்.

யாரிடம் காட்டுவது? இது பல் மருத்துவத்தின் ஒரு பிரிவான வாய், தாடை, முக அறுவை சிகிச்சைத் துறையின் வேலை. பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தத் துறை இருக்கும். ஹனூர்ப் பக்கத்துக் குடும்பம் என்றால் மைசூருவுக்கோ பெங்களூருவுக்கோ போகலாம். மலையிறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் வருபவர்களுக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை வருமா என்று அங்கேயே விசாரிக்கலாம்.

உங்கள் அக்கா வீட்டிலோ, ஊரில் பக்கத்து வீட்டிலோ, இந்தப் பையன் வாயைத் திறந்தே சாப்பிட மாட்டான் என்று யாராவது சலித்துக்கொண்டால், ஒரு நிமிஷம் நின்று, அவன் எப்போதாவது கீழே விழுந்தானா என்று கேளுங்கள். முகவாய்க்கு அடியில் ஒரு பழைய தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.